முதல் ஹீட்டுக்கு முன்: சென்னையில் நாய், பூனைக்குக் கருத்தடை செய்ய முழு வழிகாட்டி

எங்கள் பூனைக்கு அப்போது ஐந்து மாதம். "பொங்கல் முடியட்டும், கூட்டிக்கொண்டு போகலாம்" என்று தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தோம். ஒரு ராத்திரி தரையில் புரண்டு புரண்டு குழந்தை அழுவதுபோலக் கத்தியது. வயிற்றுவலியோ என்று மாமியார் ஓமத்தண்ணீர் வைத்தார். அதுதான் ஹீட், அதாவது பெட்டை இணை தேடும் பருவம் என்று அப்போது எங்களுக்குத் தெரியாது. மறுநாள் யாரோ துணி காயப்போடப் போனபோது மொட்டைமாடிக் கதவு திறந்திருந்தது. ஒன்பது வாரம் கழித்து என் பீரோவின் அடித்தட்டில், பட்டுப்புடவை மேல் நான்கு குட்டிகள்.

ஒன்றை நாங்களே வைத்துக்கொண்டோம். மூன்றுக்கு வீடு பார்த்தோம். அதில் ஒரு வீட்டார் ஒரே வருடத்தில் வாடகை வீட்டைக் காலி செய்து போனார்கள். பூனையைத் தெருவிலேயே விட்டுவிட்டுப் போனார்கள். அதுவும் பெட்டை. தெருவில் பூனை, நாய் பெருகிவிட்டது என்று பேசும்போதெல்லாம் எனக்கு அந்த மொட்டைமாடிக் கதவுதான் நினைவுக்கு வரும்.

2024இல் மாநகராட்சி எடுத்த கணக்கெடுப்பில் சென்னைத் தெருக்களில் சுமார் 1.8 லட்சம் நாய்கள் இருப்பது தெரியவந்தது. அவற்றில் கருத்தடை ஆனவை ஏறக்குறைய நான்கில் ஒன்று. இந்த மீதி முழுவதும் தெருவிலேயே பிறந்து வளர்ந்தது அல்ல. சாயங்காலம் "ஒரு ரவுண்டு போய்விட்டு வரட்டும்" என்று அவிழ்த்துவிடப்படும் வீட்டு நாய்க்கும், காலி செய்யும்போது விட்டுப்போன நாய்க்கும் இதில் பங்கு உண்டு. அதனால் இந்த வழிகாட்டியை வீட்டிலிருந்து தொடங்கித் தெருவில் முடிக்கிறேன்.

படி 1: தேதியைக் குறியுங்கள்

பெரும்பாலானோர் தவறுவது இங்கேதான். எந்த டாக்டர், எவ்வளவு செலவு என்று ஒரு மாதம் விசாரிப்பார்கள். அதற்குள் ஹீட் வந்துவிடும்.

பூனைக்கு நான்கு மாதத்திலேயே பருவம் வரலாம். குளிர்நாடுகளில் பூனைக்கு ஹீட் வருவதற்கு ஒரு சீசன் உண்டு. பகல் நீளமாக இருக்கும் மாதங்களில்தான் வரும். நம் ஊரில் வெயிலுக்கும் வெளிச்சத்துக்கும் பஞ்சம் ஏது? வருடம் முழுக்க வரும். இணை சேராவிட்டால் இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை திரும்பத் திரும்ப வரும். குட்டிகளுக்குப் பால் கொடுத்துக்கொண்டிருக்கும்போதே மறுபடி சினையாகிவிடவும் முடியும். ஆகவே பூனை என்றால், ஆணோ பெண்ணோ, ஐந்து மாதம் முடிவதற்குள் வேலையை முடித்துவிடுங்கள்.

நாய்க்கு முதல் ஹீட் பொதுவாக ஆறு மாதத்திலிருந்து ஒரு வருடத்துக்குள் வரும். சின்ன ஜாதி சீக்கிரம், பெரிய ஜாதி தாமதம். நாட்டு நாய்ப் பெட்டைக்கு ஆறு மாதத்தை ஒட்டிச் செய்வது வழக்கம். லாப்ரடார், ஜெர்மன் ஷெப்பர்ட், ராட்வைலர் போன்ற பெரிய நாய்கள் எலும்பும் மூட்டும் வளர்ந்து முடிய ஒரு வருடத்துக்கு மேல் எடுத்துக்கொள்ளும். அவற்றுக்கு டாக்டர் கொஞ்சம் பொறுக்கச் சொல்லலாம். அப்படிச் சொன்னால் கேளுங்கள். ஆனால் அந்தக் காத்திருப்புக் காலத்தில் நாய் கயிறில்லாமல் வாசல் தாண்டக் கூடாது.

ஹீட் பற்றி ஒரு விஷயத்தை இங்கே சொல்லியே ஆக வேண்டும். பெட்டை நாய்க்கு ஹீட் சுமார் மூன்று வாரம் நீடிக்கும். முதல் ஒன்பது பத்து நாள் ரத்தக்கசிவு இருக்கும். அந்த நாட்களில் ஆண் நாயைக் கிட்டே சேர்க்காது. பிறகு கசிவு வெளிறும், குறையும். "அப்பாடா, முடிந்தது" என்று வீட்டுக்காரர்கள் கயிற்றை அவிழ்ப்பது அப்போதுதான். சினைபிடிக்கும் நாட்கள் தொடங்குவதும் அப்போதுதான். ஒரே ஈற்றில் கறுப்பு ஒன்று, செம்பட்டை இரண்டு, புள்ளி போட்டது ஒன்று என்று பிறந்தால் ஆச்சரியப்பட வேண்டாம். ஒரே ஈற்றுக் குட்டிகளுக்கு வெவ்வேறு தகப்பன் இருக்க முடியும்.

ஹீட் வந்தே விட்டதா? அவசரப்பட்டு அந்த வாரமே ஓடாதீர்கள். அப்போது கருப்பைக்கு ரத்த ஓட்டம் அதிகம், அறுவை சிகிச்சையில் கசிவும் அதிகமாகும். நாய்க்கு ஹீட் முடிந்து இரண்டு மூன்று மாதம் விட்டுச் செய்வார்கள். பூனைக்கு அவ்வளவு இடைவெளி கிடைக்காது. டாக்டர் முடிவுப்படி ஹீட்டிலேயே செய்வதும் உண்டு. குட்டி போட்டிருந்தால் பால் மறந்து, மடி வற்றிய பிறகு.

"ஒரு தடவையாவது குட்டி போட்டால்தான் உடம்புக்கு நல்லது" என்று சொல்லாத பக்கத்து வீடு இருக்காது. உண்மை நேர்மாறானது. முதல் ஹீட்டுக்கு முன்பே செய்துவிட்டால் பெட்டை நாய்க்கு மடிக்கட்டி (பால்மடியில் வரும் புற்றுக்கட்டி) வரும் வாய்ப்பு வெகுவாகக் குறைகிறது. ஒவ்வொரு ஹீட் தாண்டும்போதும் அந்தப் பலன் தேய்ந்துகொண்டே போகும். செய்யாமல் விட்ட பெட்டை நாய்க்கு நடுவயதில் பயோமெட்ரா வரலாம். கருப்பை முழுக்கச் சீழ் கோத்துக்கொள்ளும் நோய் அது. ஹீட் முடிந்து ஒன்றிரண்டு மாதத்தில் நாய் சோர்ந்து, தண்ணீராகக் குடித்து, சாப்பாட்டைத் தொடாமல் கிடந்தால் அதுவாக இருக்கலாம். அப்போதும் செய்ய வேண்டியது இதே அறுவை சிகிச்சைதான். ஆனால் உயிருக்குப் போராடும் நாய்க்கு, நடுராத்திரியில், பல மடங்கு செலவில்.

ஹீட் வராமலிருக்க ஹார்மோன் ஊசி போடும் பழக்கம் இன்னும் இருக்கிறது. வேண்டாம். அது கருப்பைச் சீழுக்கும் மடிக்கட்டிக்கும் வழிவிடும்.

படி 2: எங்கே செய்வது

சென்னையில் வழிகள் உண்டு. வேப்பேரியில் உள்ள சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரி 1903இல் தொடங்கப்பட்டது. அதன் மருத்துவமனைக்குத் தாம்பரத்திலிருந்தும் வருகிறார்கள், திருவள்ளூரிலிருந்தும் வருகிறார்கள். செலவு குறைவு, அனுபவமுள்ள டாக்டர்கள், எல்லாப் பரிசோதனையும் ஒரே வளாகத்தில். விலை, உங்கள் நேரம். காலையிலேயே போய்ச் சீட்டு வாங்க வேண்டும். முதல் நாளே அறுவை சிகிச்சை நடக்காது, தேதி கொடுப்பார்கள். பள்ளிக்கூடத்துக்கும் ஆபீசுக்கும் லீவு போட முடியாதவர்களுக்குத் தனியார் கிளினிக் வசதி. பணமில்லை என்பவர்கள் புளூ கிராஸ் போன்ற விலங்கு நல அமைப்புகளிடம் விசாரிக்கலாம்.

தனியார் கிளினிக்கில் கட்டணத்தைக் கேட்கும்போது "மொத்தம் எவ்வளவு?" என்று மட்டும் கேட்டுவிட்டு வராதீர்கள். மயக்க மருந்து ஊசியா, கேஸா? ரத்தப் பரிசோதனை அதில் அடக்கமா? வலிக்கு மருந்து எத்தனை நாள்? தையல் பிரிக்கத் தனிக் கட்டணமா? ராத்திரி ஏதாவது ஆனால் யாரைக் கூப்பிடுவது? இந்தக் கடைசிக் கேள்விக்குத் தெளிவான பதில் சொல்லாத இடத்தில் நான் செய்யமாட்டேன். பக், பெர்ஷியன் போல மூக்கு சப்பையான ஜாதி என்றால் மயக்க மருந்தில் மூச்சுச் சிக்கல் வரலாம்; குழாய் போட்டு கேஸ் மயக்கம் கொடுக்கும் இடமாகப் பாருங்கள்.

படி 3: ரத்தப் பரிசோதனை, முக்கியமாக உண்ணி

தடுப்பூசிகள் முடிந்து குறைந்தது இரண்டு வாரம் ஆகியிருந்தால் நல்லது. பூச்சி மருந்தும் கொடுத்திருக்க வேண்டும். இதெல்லாம் எல்லோரும் சொல்வார்கள். சென்னைக்காரர்கள் கூடுதலாகப் பார்க்க வேண்டியது உண்ணிக் காய்ச்சல்.

நம் ஊர் வெக்கையில் நாய் உண்ணிக்குக் கொண்டாட்டம். சுவர் விரிசலில், கட்டிலுக்கு அடியில், மாடிப்படி மூலையில் எல்லாம் இருக்கும். அது கடித்துப் பரப்பும் எர்லிக்கியா என்ற கிருமி ரத்தத்தில் பிளேட்லெட்டைக் குறைத்துவிடும். வெளியே பார்த்தால் நாய் வாலாட்டிக்கொண்டு நன்றாகத்தான் இருக்கும். மேசையில் கத்தி வைத்த பிறகு ரத்தம் உறையாது. பிளேட்லெட் எண்ணிக்கை தெரியாமல் நாயை மேசையில் ஏற்றச் சம்மதிக்காதீர்கள். குறைவாக இருந்தால் சில வாரம் மருந்து கொடுத்து, மறுபடி பார்த்து, பிறகு செய்துகொள்ளலாம். தேதி தள்ளிப்போகட்டும், பரவாயில்லை. படி 1இல் சொன்னவை தவிர, நான் இந்தக் கட்டுரையில் தள்ளிப்போடச் சம்மதிக்கும் ஒரே காரணம் இதுதான் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஆண் நாய், கடுவன் பூனை என்றால் இரண்டு விதையும் பைக்குள் இறங்கியிருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். ஒன்று வயிற்றுக்குள்ளேயே தங்கிவிடுவது உண்டு. அதை விட்டு வைத்தால் பிற்காலத்தில் கட்டியாக மாறக்கூடும். வயிற்றைத் திறந்துதான் எடுக்க வேண்டும்.

படி 4: முந்தைய இரவும் காலையும்

வளர்ந்த நாய்க்கும் பூனைக்கும் சுமார் எட்டு மணி நேரம் வயிறு காலியாக இருக்க வேண்டும். மயக்கத்தில் வாந்தி வந்து மூச்சுக்குழாயில் போனால் ஆபத்து. தண்ணீர் காலை வரை கொடுக்கலாம். சின்னக் குட்டிகளை மட்டும் இவ்வளவு நேரம் பட்டினி போடாதீர்கள், சர்க்கரை இறங்கிவிடும். எத்தனை மணி நேரம் என்று டாக்டரிடமே கேளுங்கள். வீட்டில் பாட்டி இருந்தால் ராத்திரியே சொல்லி வையுங்கள். காலையில் நாய் பாவமாகப் பார்த்தது என்று ஒரு மேரி பிஸ்கட் போட்டுவிட்டதால் திரும்பி வந்த ஆட்டோக்கள் ஏராளம். போட்டுவிட்டால் மறைக்காமல் டாக்டரிடம் சொல்லுங்கள்.

பூனையைக் கையில் தூக்கிக்கொண்டு போக வேண்டாம். மூடியுள்ள கூடை, உள்ளே வீட்டு வாசனை உள்ள பழைய துண்டு. கோயம்பேடு சிக்னலில் ஆட்டோவிலிருந்து குதித்த பூனையைத் தேடுவதற்குக் கூடை வாங்குவது மேல்.

படி 5: உள்ளே என்ன நடக்கிறது

ஆணுக்கு விதை இரண்டையும் எடுப்பார்கள்; சின்ன வேலை, சில நிமிடங்கள்தான். பெட்டைக்கு வயிற்றைத் திறந்து கருப்பையையும் சினைப்பைகளையும் எடுப்பார்கள், கூடுதல் நேரமாகும். சிலர் வயிற்றின் நடுவில் வெட்டுவார்கள், சிலர் இடுப்புப் பக்கம். இரண்டும் சரியான முறைதான்.

ஆணுக்குச் செய்தால் காவல் காக்காது, பெண்தன்மை வந்துவிடும் என்பார்கள். காவல் காப்பது அதன் குணம். கேட் ஆடினால் பழையபடி குரைக்கும். குறைவது பெட்டையைத் தேடி ஓடுவது, மற்ற ஆண்களோடு சண்டை, கண்ட இடத்தில் மூத்திரம் அடிப்பது. விதை எடுத்த பிறகும் சில வாரங்களுக்கு உள்ளே உயிரணு மீதி இருக்கும். அதுவரை ஹீட்டில் உள்ள பெட்டையோடு விடாதீர்கள்.

படி 6: பத்து நாள் காவல்

மயக்கம் தெளியாமல் வீட்டுக்கு வரும் பூனையைப் பார்த்தால் பயமாக இருக்கும். கண் திறந்தே இருக்கும், இமைக்காது, நாக்கு ஓரமாகத் தொங்கும். அன்று மாமியார் "போயிடுச்சாடி?" என்று கேட்டேவிட்டார். போகவில்லை. மருந்தின் வேலை அது. கட்டிலிலோ சோபாவிலோ போடாதீர்கள், எழ முயன்று விழும். தரையில் மடித்த போர்வை மேல், மின்விசிறிக்கு நேராக இல்லாமல், கொஞ்சம் இருட்டான மூலையில். வெறும் டைல்ஸ் தரையில் உடம்பு சில்லிட்டுவிடும். நன்றாக எழுந்து நடக்கும்வரை சாப்பாடு வேண்டாம். ராத்திரிக்குக் கொஞ்சமாகக் கொடுத்தால் போதும்.

அப்புறம், தையலை நக்காமலிருக்கக் கழுத்தில் மாட்டும் புனல் போன்ற கோன். இதில் நான் குற்றவாளி. மூன்றாம் நாள், தண்ணீர்க் கிண்ணத்தில் இடித்துக்கொண்டு தவித்ததைப் பார்க்க முடியாமல் கழற்றிவிட்டேன். காய்கறி நறுக்கி முடிப்பதற்குள் இரண்டு தையலை அறுத்துவிட்டது. இளஞ்சிவப்பாகச் சதை தெரிந்தது. ராத்திரி ஒன்பது மணிக்கு மறுபடி மயக்க ஊசி, மறுபடி தையல். கோன் ஒத்துவராவிட்டால் பழைய பனியனில் கால்களுக்கு நான்கு ஓட்டை போட்டு மாட்டிவிடலாம். எதுவுமே இல்லாமல் விடக் கூடாது.

தையல் மேல் மஞ்சள், தேங்காய் எண்ணெய், விபூதி எதுவும் வேண்டாம். நக்கத் தூண்டும், ஈரம் தங்கும். தினம் காலை, மாலை இரண்டு வேளையும் வெளிச்சத்தில் பாருங்கள். லேசான சிவப்பும் சிறு வீக்கமும் சாதாரணம். சீழ், நாற்றம், சொட்டும் ரத்தம், வெளுத்த ஈறு, ஒரு நாளுக்கு மேல் சாப்பிடாமை, திரும்பத் திரும்ப வாந்தி இருந்தால் காத்திருக்காமல் போங்கள். குளிப்பாட்டுவது தையல் பிரித்த பிறகுதான். பத்திலிருந்து பதினான்கு நாளில் பிரிப்பார்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் நாயை வெளியே கூட்டிப் போனால் வயிற்றை உடனே துடைத்துவிடுங்கள். வெயில்காலத்தில் ஈ மொய்க்காமல் பாருங்கள். ஒரே நாளில் புழு வைத்துவிடும்.

வலிக்கு நம் வீட்டு மாத்திரையைக் கொடுக்காதீர்கள். பாரசிட்டமால் பூனைக்கு விஷம். ஒரே மாத்திரை கொன்றுவிடும். டாக்டர் எழுதியது மட்டும்.

குண்டாகிவிடும் என்ற பயம் பாதி நியாயம். உடம்பின் தேவை குறைகிறது, பசி குறைவதில்லை. தையல் ஆறியதும் சாப்பாட்டை நாலில் ஒரு பங்கு குறையுங்கள். அதற்கு முன், ஆளுக்கு ஆள் போடும் பிஸ்கட்டை நிறுத்துங்கள்.

வேலை முடிந்த கையோடு சான்றிதழ் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். ரேபிஸ் தடுப்பூசிப் புத்தகத்தோடு சேர்த்து வையுங்கள். மாநகராட்சியில் செல்லப்பிராணி உரிமம் எடுக்கும்போது அந்தத் தடுப்பூசிப் புத்தகம் தேவைப்படும். உரிமம் கட்டாயம் என்பது தெரியாதவர்கள் இன்னும் நிறைய.

படி 7: வாசலில் இருக்கும் நாய்

இந்த ஊர் ஒரு நூற்றாண்டுக்கு மேல் தெருநாயைப் பிடித்துக் கொன்றுதான் பார்த்தது. 1990களில்கூட மாநகராட்சி மின்சாரம் பாய்ச்சிக் கொன்றது. நாய் குறையவில்லை. ஒரு தெருவில் குப்பையும் மீந்த சோறும் இருக்கும்வரை, அங்கிருந்த நாயை அகற்றினால் அடுத்த தெரு நாய் வந்து உட்காரும். 1959இல் தொடங்கப்பட்ட புளூ கிராஸ் 1964இலேயே கருத்தடை செய்துவிடும் யோசனையைக் கையில் எடுத்தது. மாநகராட்சி அதை ஏற்று நடைமுறைக்குக் கொண்டுவந்தது 1996இல். மத்திய அரசின் விதிகள் 2001இல் வந்தன. இப்போது நடப்பில் இருப்பவை 2023ஆம் ஆண்டு விதிகள். பிடித்த இடத்திலேயே திரும்ப விட வேண்டும் என்பது அவற்றின் உயிர்நாடி. உச்ச நீதிமன்றம் 2025 ஆகஸ்ட் 22 அன்று இதையே உறுதிசெய்தது. ரேபிஸ் கண்டவை, மூர்க்கமானவை மட்டும் விலக்கு. அதே ஆண்டு நவம்பர் 7 அன்று பள்ளி, மருத்துவமனை, பேருந்து நிலையம், ரயில் நிலையம் போன்ற இடங்களில் பிடிக்கும் நாய்களை அங்கேயே திரும்ப விடக் கூடாது என்றது. உங்கள் நாய் பள்ளிக்கூட வளாகத்துக்குள் படுக்கும் நாய் என்றால் இதை நினைவில் வையுங்கள்.

செய்யும் முறை இது. முதலில் ஒரு வாரம் தெருவைக் கவனியுங்கள். எத்தனை நாய், ஆண் எத்தனை, பெட்டை எத்தனை, எதன் காதில் ஏற்கெனவே வெட்டு இருக்கிறது என்று போனில் படத்தோடு குறித்துக்கொள்ளுங்கள். காது நுனியில் சின்ன முக்கோண வெட்டு இருந்தால் கருத்தடை முடிந்தது என்று பொருள். சண்டையில் கிழிந்த காது கோணல்மாணலாக இருக்கும், வித்தியாசம் தெரியும். பிறகு 1913க்குக் கூப்பிடுங்கள், அல்லது நம்ம சென்னை செயலியில் பதியுங்கள். "நாய்த்தொல்லை" என்று மொட்டையாகச் சொல்லாமல், "இந்தத் தெருவில் கருத்தடை ஆகாத ஐந்து நாய், மூன்று பெட்டை" என்று சொல்லுங்கள். பால் கொடுக்கும் தாய் இருந்தால் அதைத் தனியாகச் சொல்லி, குட்டிகள் பால் மறக்கும்வரை விடச் சொல்லுங்கள்.

வண்டி வரும் நாள் முக்கியம். வலையைப் பார்த்ததும் தெருவே காலியாகிவிடும். நாய்களுக்கு அந்த வண்டியின் சத்தம் தெரியும். தினம் சோறு வைப்பவர் கூட இருந்தால் பாதி வேலை முடிந்தது. எங்கள் தெருவில் இஸ்திரிக்கடை அண்ணன் கூப்பிட்டால்தான் வரும், நான் கூப்பிட்டால் திரும்பிக்கூடப் பார்க்காது. "நீங்க தள்ளி நில்லுங்கக்கா, உங்க முகத்துலயே பயம் தெரியுது" என்றார். சரியாகத்தான் சொன்னார். எந்த மையத்துக்குப் போகிறது என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். புளியந்தோப்பு, கண்ணம்மாபேட்டை, லாயிட்ஸ் காலனி என்று பல இடங்களில் மையங்கள் உண்டு. வண்டி எண்ணையும் போட்டோ எடுங்கள். சில நாளில் திரும்பி வராவிட்டால் விசாரிக்க அதுதான் பிடி.

ஒரு பகுதியில் பத்தில் ஏழு நாய்க்காவது செய்தால்தான் எண்ணிக்கை இறங்கும் என்பது இந்தத் துறையில் பொதுவான கணக்கு. அதனால் ஊரெங்கும் ஒன்றிரண்டாகச் செய்வதைவிட ஒரே தெருவை முழுசாக முடித்துவிட்டு அடுத்த தெருவுக்குப் போவதே என் கட்சி. ஒரே ஒரு பெட்டை விட்டுப்போனாலும் வருடத்துக்கு ஒன்றிரண்டு ஈற்று, ஈற்றுக்கு நான்கைந்து குட்டி. அவற்றில் பெரும்பாலானவை வண்டியில் அடிபட்டோ பார்வோ வைரஸ் வந்தோ ஆறு மாதத்தைக் காணாது என்பதும் உண்மை. "ஒரு நாய் ஆறு வருடத்தில் பல்லாயிரம் நாயாகும்" என்று சுற்றும் கணக்கை நான் நம்புவதில்லை. குட்டிகள் சாகும் விதத்தை வாசலில் நின்று பார்த்தவர்களுக்கு அந்தக் கணக்கு தேவையும் இல்லை.

அபார்ட்மெண்ட் என்றால் சங்கத்தின் வாட்ஸப் குழுவில் முன்கூட்டியே ஒரு வரி போட்டுவிடுங்கள்: எந்த நாய்கள் போகின்றன, திரும்ப இங்கேதான் வரும் என்று. சொல்லாமல் செய்தால், காதில் வெட்டோடு நாய் திரும்பிய அன்றைக்கு ராத்திரி பத்து மணிக்குச் சண்டை தொடங்கும்.

திரும்பி வரும் நாய் முதல் இரண்டு நாள் காருக்கு அடியிலிருந்து வெளியே வராது. நம்மைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். கிட்டே போய்த் தடவாமல், தண்ணீரும் சோறும் வைத்துவிட்டு நகருங்கள். சாப்பிடும்போது எட்டி நின்று வயிற்றைப் பாருங்கள். வீக்கமோ ஈயோ தெரிந்தால் அதே மையத்துக்குச் சொல்லுங்கள். கருத்தடையோடு ரேபிஸ் ஊசியும் போட்டிருப்பார்கள். அது அடுத்த வருடம் மறுபடி போட வேண்டும், அதற்கு வண்டி தானாக வரும் என்று இருந்துவிடாதீர்கள். எங்கள் தெரு நாய்களுக்கான தேதி இஸ்திரிக்கடைத் தட்டியில் சாக்பீஸால் எழுதியிருக்கிறது. மழையில் அழிந்தால் அண்ணன் மறுபடி எழுதிவிடுகிறார்.